ஓட்டைக் கப்பல் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்

போன மாதம் தூத்துக்குடியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தி. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக்குப் போகிற கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தார். எங்கள் ஊரில் கப்பல் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் 2011-க்குப் போய்த்தான் நிற்கும். "நம்ம ஊர்லயும் ஒண்ணு விட்டாங்கல்லா, அந்த ஓட்டைக் கப்பல். அஞ்சு மாசம் ஓட்டிட்டு ஊத்தி மூடிட்டாங்க" என்றார். சுற்றியிருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். தாள்சா வாளியோடு ஆள் வந்தார், பேச்சு மாறிவிட்டது. எனக்கு மட்டும் அந்த வார்த்தை தொண்டையில் முள் மாதிரி நின்றது. காரணம் எளிது. அந்த வார்த்தையை அந்த வருஷம் எங்கள் தெருவில் பரப்பியவர்களில் நானும் ஒருவன். அதுவும் கப்பலில் போய் வந்தவன் என்ற தகுதியோடு பரப்பியவன். அனுபவஸ்தன் சொன்னால் யார் மறுப்பார்கள்?

அந்தக் கப்பலின் பெயர் ஸ்கோஷியா பிரின்ஸ். எங்கள் ஊர் வாயில் அது ஒருநாளும் சரியாக நுழையவில்லை. ஆட்டோக்காரர்களுக்கு அது ஸ்கூட்டி பிரின்ஸ். மற்றவர்களுக்கு கொழும்புக் கப்பல். 2011 ஜூன் 13-ம் தேதி மத்திய கப்பல் துறை அமைச்சர் ஜி.கே. வாசன் அதைத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கொடியசைத்து அனுப்பிவைத்தார். நவம்பரில் நின்றுபோனது. நடுவில் அக்டோபரில் ஒருமுறை நானும் அம்மாவும் அதில் போனோம்.

அம்மாவும் அந்தோனியாரும்

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, கொழும்பில் கொட்டாஞ்சேனையில் இருந்தார். அம்மா கடைசியாக அங்கே போனது கல்யாணத்துக்கு முன்னால். ராமேஸ்வரத்தில் 'ராமானுஜம்' கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, ரயில் பிடித்துப் போனதை இன்றும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். அதற்கப்புறம் சண்டை வந்தது, கப்பல் நின்றது, அக்கா தங்கை இருவரும் போனில் மட்டும் பேசிக்கொண்டார்கள். ஆகவே தூத்துக்குடியிலிருந்தே கப்பல் என்று அறிவித்தபோது எங்கள் வீட்டில் அது திருவிழா. ஆனால் அம்மாவுக்கு முதல் நாளே ஒரு குறை. ஜூன் 13 அந்தோனியார் திருநாள். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் அன்றுதான் பெருவிழா. கப்பலோ 13-ம் தேதி இங்கிருந்து கிளம்பி 14-ம் தேதி காலையில் அங்கே போய்ச் சேர்ந்தது. "ஒரு நாள் முன்னால விட்டிருந்தா அவருக்கும் சந்தோஷம், சனத்துக்கும் சந்தோஷம். திருநாள் முடிஞ்ச மறுநாள் போய் நிக்கிற கப்பல் எப்படி விளங்கும்?" என்று அன்றே சொன்னார். பின்னால் கப்பல் நின்றதற்கு பத்திரிகைகள் எழுதிய காரணம் எதையும் அம்மா பொருட்படுத்தியதில்லை. அவருடைய காரணம் ஜூன் மாதமே தயாராக இருந்தது.

பெரியம்மாவுக்காக ஐந்து கிலோ மக்ரூன், இரண்டு சேலை, காலி இடத்தையெல்லாம் நிரப்பக் கருவாடு. சாயங்காலம் துறைமுகத்துக்குப் போனோம். கிட்டே போய்ப் பார்க்கும்போது கப்பல் அடுக்குமாடிக் கட்டடம் மாதிரி எழுந்து நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பயணம் செய்யக்கூடிய கப்பல் அது. எங்களோடு ஏறியவர்களை நான் எண்ணிப் பார்த்தேன், நூற்றைம்பதைத் தாண்டவில்லை. அதில் பாதிப் பேர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, குருவிகள், சாமான் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கிறவர்கள். துணி, எவர்சில்வர் என்று பொதி பொதியாகக் கட்டி வைத்துக்கொண்டு, இன்ன அதிகாரி இன்று டூட்டியா என்று தங்களுக்குள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் எங்களைப் போலச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள். சில வயதானவர்கள் ஜன்னலோரம் இடம் பிடித்து ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

உள்ளே நீளநீளமாக நடைவழி, வரிசையாகக் கதவுகள், எங்கும் ஆளில்லை. அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "என்னல இது, ராத்திரி ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார். கப்பலின் கீழ்த்தளம் கார்களும் லாரிகளும் நிற்பதற்காகக் கட்டப்பட்டது. அன்று அங்கே ஒரு வண்டியும் இல்லை. மேல் தளத்தில் கைப்பிடிக் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். பெயின்டின் மேல் பெயின்ட், அதன் மேல் பெயின்ட் என்று அடித்து அடித்துக் கம்பியே தடித்துப் போயிருந்தது. அப்போதுதான் அந்தத் தீர்ப்பைச் சொன்னேன். "ஓட்டைக் கப்பல்மா. எங்கேயோ ஓடித் தேஞ்சதைக் கொண்டுவந்து நம்ம தலையில கட்டிட்டான்." ராத்திரி நன்றாகத் தூங்கினோம். காலையில் கண் விழித்தபோது கொழும்பு தெரிந்தது. கப்பல் எங்கும் ஒழுகவில்லை, எதுவும் உடையவில்லை. ஆனாலும் ஊர் திரும்பியதும் கேட்டவர்களிடமெல்லாம் ஓட்டைக் கப்பல் என்றுதான் சொன்னேன். பெயின்டைப் பார்த்து ஒரு கப்பலுக்கு வயது சொல்லிவிட்ட திருப்தி எனக்கு.

கைதானது யார்?

என் சித்தப்பா தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் போர்டிங் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் துறைமுகத்துக்குள் வந்ததும் காகிதக் கட்டோடு முதலில் ஏணியில் ஏறுகிற ஆள். சுங்கம், குடிநுழைவு, சுகாதாரம், எரிபொருள், மாலுமிக்குப் பல்வலி என்றால் பல் டாக்டர் என்று எல்லாவற்றுக்கும் அலைகிற வேலை. கப்பல்களை அவர் மனிதர்களைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார். "அவ நல்லவ, எஞ்சின் ரூம்ல சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம்" என்பார் ஒன்றைப் பற்றி. "அதுக்கு ரத்தமே இல்ல, பம்ப் எல்லாம் செத்துப் போச்சு" என்பார் இன்னொன்றைப் பற்றி.

கட்டாத பாக்கிக்காக நீதிமன்ற உத்தரவின்பேரில் கப்பலைக் கொழும்பில் பிடித்துவைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த சமயம். நான் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழைய பாட்டையே பாடினேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "கப்பலை அரெஸ்ட் பண்றதுன்னா என்னன்னு தெரியுமால?" கேப்டனைப் பிடிப்பார்கள் என்றேன். அவர் சிரித்தார். பல வருஷத்துக்கு முன் நம் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பலுக்கு அப்படி நடந்ததை நேரில் பார்த்தவர் அவர். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உத்தரவு வந்தது. நீதிமன்ற அமீனா ஏணியில் ஏறிப்போய், கேப்டன் நிற்கிற அறைக் கண்ணாடியில் அந்தக் காகிதத்தை ஒட்டினார். அவ்வளவுதான். வழிகாட்டிப் படகும் வராது, இழுவைப் படகும் வராது, கப்பல் அசையக் கூடாது. "அந்தக் காகிதத்துல பிரதிவாதி யாருன்னு நினைக்கே? மொதல் பேரு கப்பலோட பேரு. சொந்தக்காரன் அதுக்கப்புறம்தான்."

எனக்கு அது முதலில் விளையாட்டுப் பேச்சு மாதிரி இருந்தது. அவர் விளக்கினார். சொந்தக்காரர் ஒரு நாட்டில், கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர் இன்னொரு நாட்டில், கப்பலில் பறக்கிற கொடி மூன்றாவது நாட்டுடையது, எண்ணெய் கொடுத்தவன் நாலாவது ஊர்க்காரன். பணம் கிடைக்காதவன் யாரைத் தேடிப் போவான்? கண்ணுக்கு முன்னால் நிற்பது கப்பல் ஒன்றுதான். ஆகவே கடல் சட்டம் கப்பலையே ஆளாக வைத்து வழக்குப் போட வழி செய்கிறது. பணத்தைக் கட்டினால், அல்லது அதற்கு ஈடு கொடுத்தால் விடுவார்கள். இல்லையென்றால் ஏலம் போட்டு விற்று, வருகிற காசைப் பங்கு பிரிப்பார்கள். மாலுமிகளின் சம்பளப் பாக்கி மாதிரி சில கடன்கள் இன்னும் விசேஷம். கப்பலை விற்றாலும் அவை பழைய சொந்தக்காரனோடு போகாது, கப்பலோடு ஒட்டிக்கொண்டு புதுச் சொந்தக்காரன் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஏலத்தில் நீதிமன்றமே விற்றுக் கொடுத்தால்தான் கப்பல் கடன் தீர்ந்து சுத்தமாகக் கைமாறும். "நம்ம ஊர்ல வீடு வாங்குறவன் வில்லங்கம் பாக்கான்லா, அதேதான். ஆனா வீடு ஓடிப் போவாது, இது ஓடும்" என்றார்.

அப்புறம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஒன்று சொன்னார். "காசு கட்டாதது மனுசன். பிடிபட்டது கப்பல். அதோட நீயும் சேந்து அதையே திட்டுத. அது பாட்டுக்கு உன்னையும் உங்கம்மாவையும் பத்திரமா கொண்டுபோய் விட்டுட்டு வந்துச்சால இல்லையா?" எனக்குப் பதில் வரவில்லை. மறுநாளிலிருந்துதான் அந்தக் கப்பல் அதற்கு முன் எங்கே இருந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முன்பே தெரிந்துகொண்டு போயிருந்தால் அந்த ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன், தளம் தளமாகச் சுற்றியிருப்பேன்.

பழைய இரும்பில் ஆரம்பித்த கம்பெனி

அந்தக் கப்பல் பிறந்தது யூகோஸ்லாவியாவில், இன்றைய குரோஷியாவின் கடலோரத்தில் உள்ள கிரால்யெவிட்சா என்ற சிறிய ஊரின் கப்பல் பட்டறையில். அந்தப் பட்டறைக்கு யூகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோவின் பெயர் வைத்திருந்தார்கள். 1920-களில் மார்ஷல் டிட்டோவே அங்கே தொழிலாளியாக வேலை பார்த்திருக்கிறார், சும்மா வைத்த பெயரில்லை. 1972-ல் கட்டி முடித்து ஸ்வீடனின் ஸ்டெனா நிறுவனத்திடம் கொடுத்தபோது அதன் பெயர் ஸ்டெனா ஒலிம்பிகா. ஸ்டெனா என்பதும் ஆள் பெயர்தான். நிறுவனர் ஸ்டென் ஏ. ஓல்சன், அந்த 'ஸ்டென்'னையும் 'ஏ'வையும் சேர்த்தால் ஸ்டெனா. அவர் தொழில் தொடங்கியது பழைய இரும்பு வியாபாரத்தில். அதைப் படித்ததும் எங்கள் ஊர் பழைய இரும்புக் கடை அண்ணாச்சிகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். எந்தப் பொருளையும் வாங்கும்போதே விற்கும் விலையை மனசுக்குள் போட்டுப் பார்க்கிற ஆட்கள். ஸ்டெனாவும் அப்படித்தான் பெயர் வாங்கியது. கப்பலைக் கட்டும், ஓட்டும், வாடகைக்கு விடும், நல்ல விலை வந்தால் தயங்காமல் விற்கும்.

ஸ்டெனா ஒலிம்பிகா ஓடிய வழி ஸ்வீடனின் கோத்தன்பர்க், ஜெர்மனியின் கீல். ஒரு ராத்திரிப் பயணம், தூத்துக்குடி – கொழும்பு மாதிரியே. ஆனால் கணக்கு வேறு. ஸ்வீடனில் நம் டாஸ்மாக் போல மது விற்பது அரசுக் கடைதான், விலை மட்டும் நெஞ்சை அடைக்கும், அவ்வளவு வரி. அந்தக் காலத்தில் கப்பல் கரையை விட்டு விலகியதும் அந்த வரி கிடையாது. அதனால் ஜெர்மனியில் எந்த வேலையும் இல்லாதவர்கள்கூடக் கப்பலேறினார்கள். போகும் வழியில் குடித்து, ஆடி, திரும்பும் வழியில் பாட்டில் வாங்கி வந்தார்கள். கீழ்த்தளத்தில் காரும் லாரியும் தனி வருமானம். டிக்கெட் காசை மட்டும் நம்பி அந்தக் கடலில் யாரும் கப்பல் விடவில்லை. இந்த ஒரு வரியைப் படித்தபோதுதான் எனக்கு அந்தக் காலிக் கீழ்த்தளம் திரும்பக் கண்ணில் வந்தது.

1982-ல் இரண்டாவது கை. அட்லாண்டிக்கைத் தாண்டி, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து போர்ட்லண்டுக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள யார்மத்துக்கும் இடையில் ஓடுவதற்காக பிரின்ஸ் ஆஃப் ஃபண்டி நிறுவனத்திடம் போனது. ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பெயர் அங்கே வைத்தது. அந்த ஊர்ப் பெயரைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் அது பின்னால் தூத்துக்குடி வரை வந்தது, நடுவில் யாரும் மாற்றவில்லை. அங்கே நிலைமை எப்படி என்றால், போர்ட்லண்டிலிருந்து யார்மத்துக்குச் சாலையில் போனால் வளைகுடாவைச் சுற்றி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கப்பலில் ஏறினால் காரைக் கீழே நிறுத்திவிட்டு ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் போதும். தூக்கம் வராதவர்களுக்குக் கரை தாண்டியதும் சூதாட்டக் கூடம் திறக்கும். கோடைக் காலத்தில் மட்டும் ஓட்டம், பனிக்காலத்தில் ஓய்வு அல்லது வேறு வேலை. இப்படி இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. அதன் வாழ்க்கையில் நீண்ட பகுதி இதுதான், நன்றாக வாழ்ந்த பகுதியும் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அந்த நிறுவனம் செய்த ஒரு காரியம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. 1987-ல் கப்பலை ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனுக்குக் கொண்டுபோய் நீட்டினார்கள். உலர்துறையில் ஏற்றி, உடலைக் குறுக்கே இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி, நடுவில் புதிதாகக் கட்டிய துண்டைச் செருகி, மூன்றையும் சேர்த்துப் பற்றவைப்பார்கள். 15 வருஷம் ஓடிய கப்பலைக் குறுக்கே அறுத்துச் செலவு பண்ண வேண்டுமென்றால், இன்னும் பல வருஷம் இதை வைத்துப் பிழைப்போம் என்று ஒரு முதலாளி நினைத்திருக்க வேண்டும். எங்கள் ஊர்த் தோணிகளும் அப்படித்தான். ஒரு பலகை போனால் ஒரு பலகை மாற்றுவார்கள், தோணியை ஓட்டுகிற தண்டல் மாறுவார், முதலாளி மாறுவார், இருபது வருஷம் கழித்துப் பார்த்தால் முதலில் போட்ட பலகை எத்தனை மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தோணியை யாரும் ஓட்டைத் தோணி என்று சொல்லிக் கேட்டதில்லை. நான் கம்பியில் தொட்டுப் பார்த்த பெயின்ட் அடுக்கு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் செலவழித்த காசு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2004-க்குப் பிறகு போர்ட்லண்டில் அந்த ஓட்டம் நின்றது. பயணிகள் முனையக் கட்டடத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று நிறுவனம் சொன்னது, நகர நிர்வாகத்தோடு தகராறு முற்றியது, 2005 கோடையில் கப்பல் அங்கே ஓடவில்லை. அதே ஆகஸ்டில் கத்ரீனா புயல் அடித்தது. கப்பலை நியூ ஆர்லியன்சுக்குப் பக்கத்தில் சால்மெட் என்ற இடத்தில் கொண்டுபோய்க் கட்டிவைத்து, வீடிழந்தவர்களையும் மீட்பு வேலைக்கு வந்தவர்களையும் மாதக்கணக்கில் அதில் தங்கவைத்தார்கள். நகராமலே சம்பாதித்த காலம். பிறகு மறுபடி கைமாற்றம், வாடகை ஓட்டங்கள். 2011 பிப்ரவரியில் லிபியாவில் சண்டை மூண்டபோது, அங்கே வேலை பார்த்த இந்தியர்களை மீட்க நம் அரசு வாடகைக்கு எடுத்த கப்பல்களில் இதுவும் ஒன்று. பெங்காசியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றி எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் கொண்டுவந்து இறக்கியது. அந்த மனிதர்களிடம் போய் ஓட்டைக் கப்பல் என்று சொன்னால் எழுந்து வந்து அறைவார்கள். அது முடிந்து நாலு மாதத்துக்குள் தூத்துக்குடி.

சித்தப்பாவின் பென்சில் கணக்கு

அப்படியென்றால் இங்கே ஏன் ஐந்து மாதம்? சித்தப்பா ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். எண்கள் இல்லாத கணக்கு அது. ஒரு பக்கம் செலவு: எஞ்சின் எண்ணெய், மாலுமிகள், இரண்டு துறைமுகத்திலும் கட்டணம், வழிகாட்டி, இழுவை. இதில் எதுவும் ஆள் குறைந்தால் குறையாது. நூறு பேர் ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும் எஞ்சின் குடிப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொரு பக்கம் வரவு. டிக்கெட். அதற்குக் கீழே அவர் எழுதி எழுதி அடித்தார். கார்? இந்தப் பக்கத்துக் காரை அந்தப் பக்கம் கொண்டுபோய் ஓட்ட வழியில்லை, அடித்தார். லாரி? அதுவும் இல்லை, அடித்தார். சரக்கு? கொழும்புக்குப் போகிற சரக்கு பெட்டிக் கப்பலிலும் தோணியிலும் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. கடைசியில் டிக்கெட் மட்டும் நின்றது. அதற்கும் திருச்சியில் போட்டி இருக்கிறது. அங்கே விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. கப்பலில் ஒரு ராத்திரி முழுக்க. அந்த ராத்திரியை விரும்பி வாங்குகிற கூட்டம் ஸ்வீடனில் இருந்தது, மெய்னில் இருந்தது. இங்கே இருந்தது குருவிகளும் அம்மா மாதிரியானவர்களும். குருவிகளைச் சுங்கம் இறுக்கினால் அவர்களும் இல்லை. அம்மா மாதிரியானவர்கள் வருஷத்துக்கு ஒருமுறைதான் போவார்கள், அதுவும் அந்தோனியார் திருநாளுக்கு.

இவ்வளவு சொன்னபிறகு நேர்மைக்கு ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். கப்பலுக்கு 39 வயது ஆகியிருந்தது உண்மை. அந்தக் காலத்து எஞ்சின், எண்ணெய் விலை பற்றிக் கவலைப்படாத காலத்தில் வடிவமைத்தது. புதுக் கப்பலாக இருந்திருந்தால் நஷ்டம் கொஞ்சம் மெதுவாக வந்திருக்கும். ஆனால் வந்திருக்கும். சித்தப்பாவின் காலண்டர் தாளில் அடித்த கோடுகளில் ஒன்றுகூட புதுக் கப்பல் வந்தால் அழிந்துவிடாது. இதே தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை வெள்ளைக்காரக் கம்பெனி எப்படி நெருக்கியது என்று நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தோம், கட்டணத்தைக் குறைத்து, கடைசியில் குடை வரை இனாமாகக் கொடுத்து. அந்தக் கதையில் போட்டி போட எதிரி ஒருவன் இருந்தான், குடை வாங்கவாவது ஆள் ஏறியது. அந்தக் கம்பெனியைக் கலைத்தது 1911-ல். நூறு வருஷம் கழித்து, துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைத்த அதே வருஷத்தில் வந்த கப்பலுக்கு இந்தக் கடலில் போட்டிக் கப்பலே கிடையாது. அப்படியும் நிற்க முடியவில்லை. எது பெரிய சோகம் என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

2012-ல் ஸ்கோஷியா பிரின்ஸ் உடைபடுவதற்காக வங்கதேசத்தின் சிட்டகாங் கடற்கரைக்குப் போனது. அங்கே கப்பலை உடைக்கிற முறை வேறு மாதிரி. பெரிய ஓதம் ஏறும் நேரம் பார்த்து, எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிச் சேற்றுக் கரையில் ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் கேஸ் கட்டரோடு ஆட்கள் வருவார்கள். தகடுகள் உருக்காலை, உருட்டாலைக்குப் போய்க் கட்டடக் கம்பியாகும். நாற்காலி, கட்டில், கழுவுதொட்டி, தட்டு எல்லாம் பாட்டியாரி என்ற ஊரின் சாலையோரக் கடைகளுக்கு வரும். பழைய இரும்பு வியாபாரத்தில் ஆரம்பித்த ஒருவரின் பெயரோடு கடலில் இறங்கியது, நாற்பது வருஷம் கழித்துப் பழைய இரும்பாகப் போனது. கழுவுதொட்டி இன்றைக்கு எந்த வீட்டில் இருக்கிறதோ.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் செரியாபாணி என்ற கப்பல் ஓடத் தொடங்கியபோது சித்தப்பாவுக்குப் போன் பண்ணினேன். லட்சத்தீவில் ஓடிய சின்னக் கப்பல், 150 பேர் போகலாம் என்றேன். "அளவு சரி" என்றார். சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழையைச் சொல்லி நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் வேறொரு நிறுவனம் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. அதுவும் 150 பேர்தான். 2011 அக்டோபரில் அந்த ஆயிரம் பேர் கப்பலில் நான் எண்ணியதும் அவ்வளவுதான் என்பதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அதைத்தாம்ல நானும் சொன்னேன்" என்றார்.

கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி அம்மாவிடம் பந்தியில் நடந்த பேச்சைச் சொன்னேன். ஓட்டைக் கப்பல் என்று முதலில் சொன்னது நான்தானே என்றேன். "நீ எங்க சொன்ன, கப்பல்ல ஏறினதும் தூங்கிட்ட" என்றார். அவருக்கு அந்த வார்த்தையே ஞாபகத்தில் இல்லை. அவர் ஞாபகத்தில் இருந்தது பெரியம்மா துறைமுக வாசலில் நின்ற விதமும், மக்ரூனில் பாதி தூளாகப் போயிருந்ததும். பெரியம்மா இப்போது இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே கேட்டார், நாகப்பட்டினத்தில் ஏறினால் எத்தனை கிலோ விடுவார்கள் என்று. காங்கேசன்துறையில் இறங்கினால் கொழும்புக்கு ரயில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் ஒரு நாள் பயணம் என்றேன். விரல் விட்டு எண்ணினார். "அப்போ பத்தாம் தேதியே கிளம்பணும்" என்றார்.